நாய் இல்லாமல் வாறதெண்டால்

கொட்டாஞ்சேனையில் நாகேஸ்வரி குடியிருந்த வீட்டைப் பட்டாளம் எடுக்கப்போகிறது என்று தெரிந்த அன்று, அவளுடைய தம்பி சின்னராசா கிணற்றடியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். முன்வாசலில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் அவரோடு வந்த கிளாக்கரும் நின்று கதைத்தது அவனுக்குத் தெரியாது. நாய்க்குத்தான் தெரிந்தது. உடம்பு முழுக்கச் சவர்க்கார நுரையோடு அது அவன் கையிலிருந்து வழுவி முன்பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அவனுடைய முழங்காலில் மூக்கால் இடித்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சின்னராசாவுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. தன் குரலைத் தானே கேட்க முடியாததால் அது வரவர ஏற்ற இறக்கம் இல்லாமல், வேண்டாத இடத்தில் உரத்து ஒலித்தது. கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு, வெளியாட்களோடு கதைப்பதையே விட்டுவிட்டான். புறக்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அங்கே எல்லோருமே கையைக் காட்டித்தான் கதைப்பார்கள். அதனால் அந்த இடம் அவனுக்குப் பிடித்திருந்தது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே சொல்வதை விளங்கிக்கொள்வான். அவனுடைய குரலை வழக்கமாகக் கேட்டவர்கள் கொழும்பில் இரண்டே பேர். ஒன்று அக்கா. மற்றது பவுண்.

பவுண் அந்த நாயின் பெயர். அச்சுக்கூடத்தின் கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு தெருநாய் போட்டுவிட்டுப் போன பெட்டைக் குட்டி. மினுங்கும் மஞ்சள் நிறம் என்பதால் அந்தப் பெயர். ஒருவரும் அதற்கு ஒன்றும் பழக்கவில்லை. கதவு தட்டினால் வந்து இடிக்கும். அடுப்பில் பால் பொங்கினால் இடிக்கும். குசினிக்குள்ளிருந்து அக்கா கூப்பிட்டால் அவனுடைய சாரத்தைக் கவ்வி இழுக்கும். தெருவில் போகும்போது பின்னால் வண்டி வந்தால் அந்தப் பக்கமாக வந்து அவனை ஒதுக்கும். ஜப்பான்காரர் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஸ்வரி சந்தைக்குப் போயிருந்தாள். சின்னராசா கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். நாய் அவனைச் சாரம் கிழியக் கிழிய இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனது. நாகேஸ்வரி மூச்சுவாங்க ஓடிவந்து பார்த்தபோது அவன் மேசைக்கு அடியில் இருந்தான். பாதி முகத்தில் சவர்க்காரம். மடியில் நாய். அவன் நின்ற இடத்தில், கிணற்றுக் கட்டில், கையளவு இரும்புத் துண்டு ஒன்று குத்தி நின்றது.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது துறைமுகத்துக்குக் கிட்டிய அந்த ஒழுங்கையின் ஒரு பக்கத்து வீடுகள் அத்தனையும் பட்டாளத்துக்கு வேண்டுமாம். மாத முடிவுக்குள் காலிசெய்ய வேண்டும் என்று அதிகாரி மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

நாகேஸ்வரிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கல்யாணம் ஆகவில்லை. தம்பியும் கூடவே இருப்பான் என்று அவள் சொன்னதும் வந்த சம்பந்தங்கள் வந்த வழியே போய்விட்டன. அதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. ஆனால் வீடு தேடும்போதுதான், ஆண் துணையென்று காட்ட ஒரு கேளாத தம்பியும், பின்னால் ஒரு நாயுமாக ஒருத்தி போய் நின்றால் மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டாள்.

குண்டுக்குப் பயந்து ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்திருந்த காலம் அது. போதாததற்குப் பட்டாளக்காரரும், பட்டாளத்தை நம்பி வேலைக்கு வந்தவர்களுமாகக் கொழும்பு நிரம்பி வழிந்தது. வீட்டுத் தரகர் ஒஸ்வால்ட் நல்ல மனிதர். அவளுக்காக வெயிலில் சைக்கிள் மிதித்தார்.

"மிஸ், ஒண்டு சொல்றேன், கோவிக்க வேணாம்," என்றார். "நாய் இருக்கெண்டு முதல்லயே சொல்லாதீங்க. போய் இருந்த பிறகு பாத்துக்கலாம்."

"பிறகு அவை வெளியில போகச் சொன்னால், நான் இவனையும் கூட்டிக்கொண்டு எங்க போறது?" என்று நாகேஸ்வரி கேட்டாள். போன இடமெல்லாம் உண்மையைச் சொன்னாள்.

கொம்பனித்தெருவில் கைருன்னிஸா என்றொரு விதவை தன் வீட்டின் பின்பாதியை விடுவதற்கு இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருத்தி, சின்னராசாவின் உத்தியோகத்தை எல்லாம் விசாரித்தார். நாயென்றதும் அவருடைய முகம் வாடிவிட்டது.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். ஒங்களுக்கும் தம்பிக்கும் ஊடு தாரத்துக்கு எனக்கு ஆசதான். நாய் இருந்தா எங்களுக்குத் தொழுவ ஏலா. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே முத்தம்தானே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. நாகேஸ்வரி தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

அதே கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில், பட்டாளம் எடுக்காத வரிசையில், கொன்ஸ்ரன்ஸ் என்றொரு அயல்காரி இருந்தாள். அவளிடம் வெறுமையாக ஓர் அறை இருந்தது. நாகேஸ்வரி கேட்கப் போனபோது அவள் வாசலை விட்டு நகராமல் நின்று சொன்னாள்:

"ஒங்களுக்குத் தெரியாதா ரீச்சர்? எங்க மகன் எப்பிடிச் செத்தான் எண்டு? கடிச்சது சின்னக் குட்டி. கீறல் மாதிரித்தான் இருந்திச்சி. கடைசில தண்ணியக் கண்டாக்கூடப் பயந்து கத்தினான். நான் இன்னும் ஒரு நாயைப் பாத்தா ரோட்டுக்கு மத்தப் பக்கம் போறேன்."

நாகேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

இப்படியே நாட்கள் போய், மாதம் முடியும் தறுவாயில், ஒஸ்வால்ட் அவர்களை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்காரர் நாகேந்திரம், ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்ரர். கடற்கரைப் பக்கமாக நல்ல வீடு. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இரண்டு அறையும் ஒரு குசினியும். சுவரெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்தது. நாகேஸ்வரி யன்னலைத் திறந்து பார்த்தாள். கடல் தெரிந்தது. அந்த நேரம் அவள் மனது அங்கேயே குடிவந்துவிட்டது.

நாகேந்திரம் ஒஸ்வால்டை வெளிவாசல் கேற்றடிக்குக் கூட்டிப்போய்த் தனியாகக் கதைத்தார். அக்காவும் தம்பியும் விறாந்தையில் நின்றார்கள். கடற்கரையோரமாக ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நாகேஸ்வரிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சின்னராசா நாகேந்திரத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரயில் போய் முடிந்த அமைதியில், அவனுடைய உரத்த, தட்டையான குரல் முற்றம் முழுக்கக் கேட்டது:

"செவிடனைப் பொறுக்கலாம், நாயைப் பொறுக்கேலாது எண்டு சொல்லுறார் அக்கா."

கேற்றடியில் நின்ற இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நாகேந்திரத்தின் முகம் கறுத்துப்போயிற்று. வேட்டியைச் சரிசெய்துகொண்டே கிட்ட வந்தார்.

"தம்பி, நான் கூடாத மாதிரி நினைச்சுச் சொல்லேல்ல," என்றார். பிறகு நாகேஸ்வரியிடம் திரும்பினார். "ரீச்சர், உங்களைப்போல ஆக்கள் வந்தால் எங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் மனுசிக்கு நாயெண்டால் நடுக்கம். சாமியறையும் இந்தப் பக்கம்தான் இருக்கு. நாய் இல்லாமல் வாறதெண்டால், நாளைக்கே வீட்டுத் திறப்பைத் தாறன்."

அவருடைய மனைவி பத்மாவதி யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னராசா அக்காவின் கையைத் தட்டித் தன்னைப் பார்க்கச் செய்தான். குரலைத் தாழ்த்த முயன்றுகொண்டு சொன்னான்:

"எடுங்கோ அக்கா."

"பவுணை என்ன செய்யிறது?"

"ஒஸ்வால்டின்ர ஆக்களுக்கு ஹெந்தளையில தென்னங்காணி இருக்குதாம். அங்க விடலாமெண்டு முந்தியே சொன்னவர்."

"அவள் இல்லாமல் நீ எப்பிடியடா இருப்பாய்?"

"நீங்கள் இருக்கிறியள்தானே," என்றான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நாகேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் அவளுக்குக் கால் உளைந்தது. எத்தனையோ வாசல்களில் ஏறி இறங்கிக் களைத்திருந்தாள். தம்பியே சொல்லிவிட்டான் என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த ஆறுதலுக்காகத் தன்னை அவள் பிறகு எத்தனையோ தரம் வெறுத்தாள்.

ஹெந்தளைக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். களனி கங்கைப் பாலத்தைக் கடக்கும்போது பவுண் யன்னலால் தலையை நீட்டி ஆற்றைப் பார்த்தது. ஒஸ்வால்டின் மாமியார் வீட்டுக் காணி பெரியது. நிழலும் கோழிகளும் காற்றும் இருந்தன. சின்னராசா குந்தியிருந்து நாயின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நீண்ட நேரம் ஏதோ கதைத்தான். நாகேஸ்வரி தள்ளி நின்றாள். அவன் எழுந்து படலையை நோக்கி நடந்தபோது பவுண் குலைத்தது. கட்டியிருந்த கயிற்றை இழுத்து இழுத்து, இருமலும் குலைப்புமாக, அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் குலைத்தது. அவனுக்கு அது கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நேரே பார்த்தபடி நடந்தான். கேட்டதெல்லாம் நாகேஸ்வரிக்குத்தான்.

"பேசாமல் நிக்கிறாளா?" என்று அவன் கேட்டான்.

"ஓம்," என்றாள்.

அதுதான் முதல் பொய்.

வெள்ளவத்தைக்குக் குடிவந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, ஒஸ்வால்ட் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார்.

"மிஸ், எப்பிடிச் சொல்றதெண்டு தெரியல்ல. வந்த நாள்ல இருந்து அது சாப்பிடவே இல்ல. இவங்க கழுத்துப்பட்டியக் கழட்டிட்டு நீளக் கயித்தில கட்டியிருக்காங்க, கொஞ்சம் உலாவட்டுமெண்டு. கயித்தக் கடிச்சிட்டுப் போயிட்டுது. நாங்க பேலியகொட வரைக்கும் தேடினோம்."

நாகேஸ்வரி அன்று பின்னேரமே தங்கள் பழைய ஒழுங்கைக்குப் போனாள். வீட்டு வாசலில் காவலாளி துவக்கோடு நின்றான். எதிர்ப்பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கொன்ஸ்ரன்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினாள்.

"வந்திச்சி ரீச்சர். கால் எல்லாம் வெடிச்சி, ஒரே சேறு. ஆத்தையும் தாண்டி எப்பிடித்தான் வந்திச்சோ. ஒங்கட கேற்றடியிலயே படுத்திருந்திச்சி. பட்டாளக்காரங்க பாண் துண்டு போட்டாங்க. நானும்..." கொன்ஸ்ரன்ஸ் தெருவைக் காட்டினாள். "நானும் ஒரு சட்டியில தண்ணி வைச்சேன். தடியால தள்ளித்தான் வைச்சேன். அது குடிச்சிட்டு என்னைப் பாத்திச்சி. ரெண்டாவது நாள் தடி இல்லாமப் போனேன்."

"இப்ப எங்க?"

"முந்தாநாள் நாய் பிடிக்கிற வண்டி வந்திச்சி. பட்டியில்லாத நாய்தானே. அவங்க தெருவில நிண்டு கேட்டாங்க, இது ஆருட நாய் எண்டு. சிங்களத்திலயும் கேட்டாங்க, தமிழிலயும் கேட்டாங்க. நான் இந்தக் கதவுக்குப் பின்னால நிண்டேன். என்ட நாய் எண்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எனக்கு வாய் வரல்ல ரீச்சர். மகன்ட முகம்தான் வந்திச்சி. வாய் வரல்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாகேஸ்வரி அவளைக் குறைசொல்லவில்லை. யாரைக் குறைசொல்வது? நாய்களை அடைத்து வைக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு ஓடினாள். அங்கேயிருந்தவன் அவளை ஏறிட்டுப் பார்த்து, முந்தாநாள் வந்தவை ஒன்றும் இப்போது இல்லை என்றான். மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டை இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றான்.

வீட்டுக்கு வந்தபோது சின்னராசா கேட்டான்: "ஒஸ்வால்டைக் கண்டனீங்களா? பவுண் எப்பிடியாம்?"

மற்றவர்களிடம் பொய் சொல்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவனிடம் முடியாது. முகத்துக்கு முகம் நின்று, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் அவனுக்கு விளங்கும்படி உச்சரிக்க வேண்டும்.

"நல்லா இருக்கிறாளாம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்ட போதெல்லாம் அதையே சொன்னாள். கோழிக்குப் பின்னால் ஓடுகிறாளாம் என்றாள். கொழுத்துவிட்டாளாம் என்றாள். அவன் சிரிப்பான். தெருவில் இப்போது சுவரோரமாகவே நடந்தான். ஒருநாள் சைக்கிள் ஒன்று பின்னால் வந்து இடித்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "அடுத்த ஞாயிறு பவுணைப் பாக்கப் போவம்," என்றான். அந்த ஞாயிறு நாகேஸ்வரி தலையிடி என்று படுத்துக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறு, மழை வரப்போகிறது என்றாள். அன்று அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இறைச்சிக்கடையில் வாங்கிய எலும்புப் பார்சலையும் எடுத்துக்கொண்டு அவன் தனியாகப் புறப்பட்டுவிட்டான்.

பின்னேரம் திரும்பி வந்தான். பார்சல் பிரிக்காமல் அப்படியே கையில் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு எதிரில் இருந்தான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம்."

"நான் கேட்டுக்கொண்டே இருந்தன்."

"ஓம்."

"ஏனக்கா?"

நாகேஸ்வரி எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். பாலம், சேறு, கேற்றடி, பட்டாளக்காரரின் பாண், கொன்ஸ்ரன்ஸ் வைத்த தண்ணீர். வண்டி வந்த இடத்துக்கு வந்ததும் அவளுடைய உதடுகள் நடுங்கி, சொற்கள் உடைந்து போயின. அவன் முன்னுக்கு வளைந்து அவளுடைய வாயையே பார்த்தான்.

"அழாமல் சொல்லுங்கோ அக்கா. எனக்கு விளங்கேல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பவும் சொன்னாள். அவன் இறுதிவரை பார்த்தான்.

"பிடிக்கேக்க குலைச்சவளாமா?"

"இல்லையாம். ரோட்டையே பாத்துக்கொண்டிருந்தவளாம்."

"ஹெந்தளையில விட்டிட்டு வரேக்க?"

இனிமேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "குலைச்சவள். நாங்கள் தெருவைத் திரும்புமட்டும் குலைச்சவள்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"அவளின்ர சத்தம் என்ன மாதிரி இருக்கும்?" என்று கேட்டான். "எனக்கு ஒருநாளும் தெரியாதுதானே. நெஞ்சில கை வைச்சால் கைக்குள்ள ஒரு அதிர்வு வரும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

நாகேஸ்வரி யோசித்தாள். வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் கேட்ட குரல். கொஞ்சம் கரகரப்பு என்றாள். முதலில் தாழ்ந்து பிறகு உயரும் என்றாள். கரகரப்பு என்றால் என்ன, உயர்வது என்றால் என்ன? எட்டு வயதோடு சத்தங்களை விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தச் சொற்களில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவனுடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, அந்த நாய் குலைப்பது போலக் குலைத்தாள். ஒருதரம். பிறகு இன்னும் உரத்து. சுவருக்கு அப்பால் பத்மாவதியின் வீட்டில் கதைத்துக்கொண்டிருந்த குரல்கள் நின்றன. நாகேஸ்வரி வெட்கத்தை விட்டு, கண்ணீர் வழிய வழிய, தொண்டை நோகும் வரைக்கும் குலைத்தாள்.

சின்னராசா கண்ணை மூடிக்கொண்டு கையால் கேட்டான். பிறகு கையை மெதுவாக எடுத்தான்.

"அது இல்லை அக்கா," என்றான்.

பத்மாவதிக்கு அன்று சுவர்வழியாக எவ்வளவு விளங்கியதோ தெரியாது. சில நாள் கழித்து, சேலைத் தலைப்பில் எதையோ பொத்திக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். உள்ளே ஒரு நாய்க்குட்டி. முகத்தை அதற்கு எட்டாமல் அப்பால் திருப்பியிருந்தார். ஆனாலும் விடாமல் பிடித்திருந்தார்.

"பிள்ளை, இவர் ஓமெண்டிட்டார். பின்முத்தத்தில வைச்சிருக்கலாம். தம்பியிட்டச் சொல்லு. எனக்கு முந்தி விளங்கேல்ல. உண்மையா விளங்கேல்ல."

சின்னராசா குட்டியை வாங்கி அதன் காதுக்குப் பின்னால் தடவினான். அது அவனுடைய விரலைச் சப்பியது. பிறகு அதைப் பத்மாவதியிடமே திருப்பிக் கொடுத்தான். வெளியாட்களோடு கதைக்காதவன், அவரோடு கதைத்தான்.

"வேற நல்ல ஆக்களிட்டக் குடுங்கோ மாமி. வீடு மாறாத ஆக்களிட்ட."

பத்மாவதி குட்டியை அணைத்தபடி அழுதுகொண்டு போனார்.

யுத்தம் முடிந்தது. பட்டாளம் வீடுகளைத் திருப்பிக் கொடுத்தது. ஒஸ்வால்ட் ஓடிவந்து, பழைய வீடு வெறுமையாக இருக்கிறது, நாய் வைத்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார். சின்னராசா வேண்டாமென்று தலையாட்டினான். அவர்கள் வெள்ளவத்தையிலேயே இருந்துவிட்டார்கள். அக்காவோடு அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பாடு, வேலை, மழை என்று தேவையானதைக் கதைத்தான். மற்றப்படி அவனுடைய குரல் அந்த வீட்டில் குறைந்து குறைந்து போயிற்று.

அறையில் அவனுடைய கதிரை இப்போது மூலையில், இரண்டு சுவர்களுக்கும் முதுகைக் கொடுத்தபடி, வாசலைப் பார்த்து இருந்தது. கடல் பக்கத்து யன்னலுக்குக் கிட்ட அதை நகர்த்தச் சொல்லி நாகேஸ்வரி ஒருதரம் கேட்டாள், அவன் மறுத்துவிட்டான். அப்படியும் சிலவேளை அவன் பத்திரிகையில் குனிந்திருக்கும்போது அவள் போய்த் தோளைத் தொட்டால், உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது போல அதிர்வான். அதனால் அவள் நேரே உள்ளே போவதை விட்டுவிட்டாள். வீட்டைச் சுற்றி முற்றத்தால் வந்து, அவனுக்கு எதிரே, வாசலுக்குப் பக்கத்தில் உள்ள யன்னலுக்கு வெளியே தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிற்பாள். அவன் நிமிர்ந்து தன்னைக் காணும் வரைக்கும் அங்கேயே நிற்பாள்.